எஸ்தர் அக்கா செய்யாத தவறு

முதலில் ஒரு மன்னிப்பு. எஸ்தர் அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவரோடு ஒரே தெருவில் தண்ணீர் பிடித்தவர்கள், ஒரே ஆலயத்தில் பாடியவர்கள், ஒரே மீன் குழுவில் பாயில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். நான் காஞ்சிபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து போனவள். மூன்று வருடத்துக்கும் குறைவாகத்தான் அவரோடு வேலை பார்த்தேன். கூட்டத்தில் பேசச் சொன்னால் எனக்குக் குரல் வராது என்பது உங்களுக்குத் தெரியும். முப்பதாம் நாள் ஜெபத்தில் கொடுக்க ஒரு சிறிய நினைவு மலர் அச்சடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவருடைய கணவர் ஸ்டீபன் அண்ணனிடம் நானே போய் இடம் கேட்டேன். நானாகப் போய் ஒருவரிடம் எதையாவது கேட்டது என் வாழ்க்கையில் மிகக் குறைவு. காரணம் இருக்கிறது. எஸ்தர் அக்காவைப் பற்றி நீங்கள் எல்லோரும் நம்பும் ஒரு விஷயம் உண்மையில்லை. அது உண்மையில்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணிகளை உலர்த்திவிட்டுப் போனை எடுத்தேன். யாரோ வைத்திருந்த ஸ்டேட்டஸில் அவர் படம் வந்தது. அது நான் எடுத்த படம். ஒற்றைப்பனைக் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையில் ஒரு கொத்துச் செடியோடு, திட்டிக்கொண்டே சிரிக்கிறார். திட்டு எனக்குத்தான். அட்டை ஏறுகிறது, சீக்கிரம் எடுத்துத் தொலை என்று. இப்போது குளத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பின்னால் ஒரு அருவியும் இரண்டு மெழுகுவத்திகளும் வைத்திருந்தார்கள். கையிலிருந்த செடியின் மேல் ஒரு ரோஜாப்பூ ஒட்டியிருந்தது. பிறந்தநாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கீழே இருந்த இரண்டு வார்த்தைகளைப் படித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டீபன் அண்ணனுக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தார். "சமைச்சுக்கினு இருந்தாம்மா. தலை வலிக்குதுன்னா. செத்த உட்கார்றேன்னு உட்கார்ந்தா. அவ்ளோதாம்மா," என்றார். மூளையில் ரத்தக்கசிவு என்று டாக்டர் சொன்னாராம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டே இருந்ததாம். அதை யார் இறக்கி வைத்தார்கள் என்று தெரியவில்லை என்று இரண்டு தடவை சொன்னார். அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது.

அடக்கத்துக்கு வந்தேன். வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரருக்கு அக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்ல பொம்பளைங்க. கை சுத்தம், வாய் சுத்தம். என்னா, பாவம், குளத்துல செடிய நட்டுட்டு அது மேலயே புல்கெண்டைய விட்டுச்சு. புல்கெண்டை எஸ்தர்னா இந்தப் பக்கம் தெரியாதவங்க கிடையாது." கேட்டவர்கள் கொஞ்சம் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பிரியமாகத்தான் சிரித்தார்கள். உள்ளே அவர் படுத்திருந்தார். நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். கையில் ஒரு பிளாஸ்டிக் கப்பில் டீ இருந்தது. அதைக் குடித்தேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புல்கெண்டை என்பது தண்ணீரில் வளரும் செடிகளைத் தின்று கொழுக்கும் வளர்ப்பு மீன். செடி வளர்க்கும் குளத்தில் அதை விடக் கூடாது. ஒற்றைப்பனைக் குளத்தில் அதை விடச் சொன்னது எஸ்தர் அக்கா இல்லை. நான்.

குளங்களைச் சீர்செய்யும் ஒரு சின்ன அமைப்பு எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் வேலைக்கு எடுத்தது. நான் தாவரவியல் பட்டம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா பட்டுத் தறி நெய்கிறவர். வேலை என்ன என்று கேட்டுவிட்டு, "குளத்துல புல்லு நடுறதுக்கா மூணு வருஷம் படிச்ச?" என்றார். எஸ்தர் அக்கா பத்தாவது வரை படித்தவர். வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் குழுவின் துணைச் செயலாளர். அதனால் அவரை உள்ளூர்ப் பணியாளராக எடுத்தார்கள். சம்பளத்தில் வித்தியாசம் இருந்தது. என் அடையாள அட்டையில் மட்டும் பதவியின் பெயர் நீளமாக இருந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய பேரை மாட்டிக்கினு தண்ணிக்குள்ள எறங்குனா முழுகிடுவ," என்று என் கழுத்தில் திரும்ப மாட்டினார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அப்போது குளம் எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இயந்திரத்தை வைத்துத் தூர்வாரியதில் கரையெல்லாம் சுவர் மாதிரி செங்குத்தாக ஆகிவிட்டது. சட்டி போல ஒரு குளம். ஒரு புல்கூட இல்லை. வருடா வருடம் விடும் மீன்குஞ்சுகளில் பாதியை நீர்க்காகம் கொத்திக்கொண்டு போனது. ஒளிய இடமில்லாத குளத்தில் குஞ்சு என்ன செய்யும்? செடி வைத்தால் குஞ்சு பிழைக்கும் என்பதுதான் எங்கள் வேலையின் சாரம். நான் பதினெட்டுச் செடிகளின் பட்டியலோடு போனேன். கணினியில் தட்டச்சு செய்து, உறை போட்டு வைத்திருந்தேன். அக்கா கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இது பக்கத்துக் குளம் எதுலயாவது தானா இருக்குதா?"

"இல்லக்கா. நர்சரியில வாங்கணும்."

"அடி."

அடித்தேன். சம்பு பக்கத்து ஏரியில் நிறைய இருக்கிறது, சீக்கிரம் வளரும் என்றேன். "அதான் பயமே. சம்பு வாடகைக்கு வர்ற மாதிரி வருவான். ரெண்டு வருஷத்துல வீட்டையே எழுதி வாங்கிக்குவான். அடி." பதினெட்டில் ஐந்து மிஞ்சின. கரையோரத்துக்குக் கோரையும் பொன்னாங்கண்ணியும். கொஞ்சம் உள்ளே அல்லியும் கொட்டியும். ஆழத்துக்கு, தண்ணீருக்கடியில் நாடா நாடாவாக வளரும் ஒரு பாசி. அதற்கு என்னிடம் நீளமான லத்தீன் பெயர் இருந்தது. அவர் ரிப்பன் என்று பெயர் வைத்தார். பிறகு அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையிலும் நான் தவறிப்போய் ரிப்பன் என்று எழுதிவிட்டேன்.

நடுவதற்கு முன் ஒரு வாரம் மண்வெட்டியால் கரையைச் சரித்துப் படிபோல ஆக்கினோம். ஆழத்தைக் குறிக்க நான் அளவுகோல் கொண்டுவந்தேன். அவர் உடம்பால் குறித்தார். கணுக்கால் கோரைக்கு, முழங்கால் அல்லிக்கு, இடுப்பு ரிப்பனுக்கு. இடுப்பு என்று அவர் நின்ற இடத்தில் நான் போய் நின்றால் மார்புக்கு வந்தது. "உன் உடம்பை வெச்சு அளந்தா இந்தக் குளம் முழுக்க ஆழம்தான்," என்றார். ஆனால் ஆவணியில் முழங்காலளவு இருக்கும் இடம் ஐப்பசி மழைக்குப் பிறகு கழுத்தளவு ஆகும் என்பதை அவர்தான் யோசித்திருந்தார். மழைக்கு முன்பே நட்டுவிட வேண்டும், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஏறச் செடியும் கூடவே ஏற வேண்டும். "முழுக வெச்சுட்டு ஏறி வான்னா எப்டி வரும்?"

அவர் எல்லாம் தெரிந்தவர் என்று எழுதினால் அவரே கோபித்துக்கொள்வார். ரிப்பனை நடும்போது வேரைக் களிமண் உருண்டையில் பொதிந்து தண்ணீரில் போட்டால் போதும் என்றார். நாள் முழுக்கப் போட்டோம். மறுநாள் காலையில் வந்தால் அத்தனையும் மேலே மிதந்துகொண்டிருந்தன. களிமண் கரைந்துவிட்டது. அக்கா கரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்தார். அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய் அப்பாவின் தறியடியில் கிடந்த கழிவு நூலையும் பழைய வேட்டித் துண்டுகளையும் ஒரு பை நிறைய அள்ளி வந்தேன். வேரோடு களிமண்ணையும் ஒரு கல்லையும் துணியில் வைத்து, தறியில் அறுந்த இழையைச் சேர்க்கப் போடும் முடிச்சைப் போட்டேன். அந்த முடிச்சு எனக்கு ஏழு வயதிலிருந்து வரும். ஈரக் கையிலும் நழுவாது. அவர் ஒன்றை வாங்கி இழுத்துப் பார்த்தார், இன்னும் பலமாக இழுத்துப் பார்த்தார். "நீ படிச்சதுலயே இதான் உருப்படி," என்றார். அப்பா கற்றுக்கொடுத்தது என்றேன். "அப்போ அவர்தான் படிச்சவரு." அதை வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அடுத்த வாரம் இன்னொரு பை கட்டி வாசலில் வைத்திருந்தார்.

வேறு குளத்திலிருந்து எடுத்த செடியை அவர் நேராக இறக்க விடமாட்டார். அதில் ஆகாயத்தாமரையின் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தாலும் குளம் போய்விடும். பத்து நாள் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். அமைப்பில் தொட்டி கிடையாது. அதனால் தன் வீட்டு நீல டிரம் இரண்டையும் கொடுத்துவிட்டார். ஸ்டீபன் அண்ணன் ஒருநாள் தான் ஓட்டும் ஷேர் ஆட்டோவில் என்னை ஏற்றிக்கொண்டு ஐயம்பேட்டை வரும் வரை புலம்பினார். "குளிக்கலாம்னு சொம்பை விட்டா கொடி வருதும்மா. இன்னா இதுன்னா, கையை எடு, அதுக்கு இன்னும் நாலு நாள் இருக்குதுன்றா. எனக்கு எப்போ முடியும்னு யாராச்சும் சொல்லுங்க." அந்த டிரம்மில் இப்போதும் செடி இருக்கிறது. அண்ணன் அதைக் கொட்டவில்லை.

தாமரை விஷயமும் உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெரியவர் ஒருவர் கோயிலுக்குப் பூ வேண்டும், குளம் நிறையத் தாமரை போடுங்கள் என்றார். அக்கா மறுத்தார். தாமரை குளத்தை மூடிவிடும். "குளத்துல வானம் தெரியணும் பெரியவரே. பாதிக்கு மேல இலை மூடிச்சுன்னா விடியக்காலம் மீனுக்கு மூச்சு முட்டும்." பின்னாலிருந்து ஒரு குரல், கோயிலுக்குப் பூ வேண்டாம் என்று சொல்ல இவங்க யாரு என்றது. அந்த ‘இவங்க’ என்ற சொல் எங்கே போய் விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை இரண்டு வந்தது. அடியைப் பூசி, மண் நிரப்பி, தாமரைக் கிழங்கை அதற்குள் வைத்துக் குளத்தில் இறக்கினார். வெளியே பரவ முடியாது. முதல் பூ வந்தபோது குழுத் தலைவி தனலட்சுமி அம்மாவின் கையில் கொடுத்துக் கோயிலுக்கு அனுப்பினார்.

அன்று திரும்பி நடக்கும்போது மட்டும் ஒன்று சொன்னார். "எங்கம்மா இந்தக் குளத்துல கால் நனைச்சது கிடையாது நித்யா. கரைமேல நிக்கவே விடமாட்டாங்க. நான் இடுப்பு வரைக்கும் நின்னுக்கினு எந்தச் செடி வரணும், எது வரக் கூடாதுன்னு சொல்றேன் பாரு." அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தனக்கே நம்ப முடியாததைச் சொல்வது போலச் சொன்னார். துணைச் செயலாளர் என்று அந்தக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் இருந்த அவருடைய பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. புரிந்தும் நான் செய்ததைச் செய்தேன்.

ஐப்பசியில் செடிகள் வேர் பிடித்துவிட்டன. மீன்குஞ்சு வரும் நாள். குஞ்சு விற்கும் மீன்பண்ணைக்காரரிடம் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். வாலாஜாபாத்திலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். நெரிசல். போன் வந்தது. "மேடம், கட்லா குஞ்சு கம்மியா இருக்குது. அந்த இடத்துக்குப் புல்கெண்டை கலந்து ஏத்திடட்டுமா? டெம்போ கெளம்பப் போவுது."

எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் என்னை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அவர் அவசரப்பட்டார். பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. என் குரல் பலமாக வெளியே வந்துவிடுமோ என்று பயந்தேன். "சரிங்க," என்றேன். கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது, அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். குளத்துக்கு வந்தபோது குஞ்சுப் பைகளைத் தண்ணீரில் மிதக்க விட்டிருந்தார்கள். பைக்குள்ளிருக்கும் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும் என்று அக்கா ஒவ்வொரு பையையும் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சந்தோஷம். நான் சொல்லவில்லை.

மார்கழியில் கிழக்குக் கரையெல்லாம் இலைத் துணுக்குகள் ஒதுங்கின. முதலில் அழுகல் என்று நினைத்தோம். அக்கா ஒரு துணுக்கை எடுத்து விளிம்பைப் பார்த்தார். "இது அழுகல. கடிச்சது." வலை வீசச் சொன்னார். நீளமாக, வெள்ளி நிறத்தில் இரண்டு மீன்கள் வந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான்தான் சரி என்று சொன்னேன் என்று அழுதேன். அவர் தண்ணீருக்குள் இறங்கி ரிப்பன் இருந்த இடத்தைக் காலால் துழாவினார். வெறும் துணி முடிச்சுகள்தான் இருந்தன. முடிச்சு மட்டும் அவிழவில்லை.

தை மாதம் பள்ளிக்கூட வராந்தாவில் குழு கூடியது. தனலட்சுமி அம்மா நியாயமானவர். கத்தவில்லை. "அந்த மீனு யாரோ சொல்லித்தானே வந்திருக்கும்? யாருன்னு சொல்லிடுங்க, எழுதிக்கலாம்," என்றார். நான் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சத்தம் வரவில்லை. பக்கத்திலிருந்து, "நான்தான் சொன்னேன்," என்று எஸ்தர் அக்காவின் குரல் கேட்டது.

ஒருவர் சொன்னார், "படிச்ச பொண்ணு பக்கத்துலயே இருக்குது. அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

அக்கா, "கேக்கல. தப்புதான்," என்றார்.

எஸ்தர் தன்னிச்சையாக எடுத்த முடிவால் குளத்துச் செடிகள் அழிந்தன என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். அவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். துணைச் செயலாளர் பொறுப்பிலிருந்தும் அன்றே எடுத்துவிட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உனக்கு இது முதல் வேலை. எட்டு மாசம்கூட ஆவல. இப்போ உன் பேர்ல ஒண்ணு ஏறுச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எங்க மேல ஏற்கெனவே எவ்ளோ ஏறிக்கெடக்குது, இதோட ஒண்ணு ஏறினா தெரியவா போவுது?" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா நீயே ஒருநாள் சொல்லிடு. எப்போ முடியுதோ அப்போ. நான் கேக்க மாட்டேன்," என்றார்.

கேட்கவே இல்லை. ஏறக்குறைய இரண்டு வருடம். ‘புல்கெண்டை எஸ்தர்’ என்று கடைத்தெருவில் யாராவது கூப்பிட்டால் திரும்பிச் சிரிப்பார். நான் பக்கத்தில் இருந்தால் உடனே வேறு பேச்சை எடுப்பார், எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்று. அவர் மேல் ஏறியது தெரியாமலா போனது? தெரிந்தது. அதற்குப் பிறகு கூட்டங்களில் அவர் பின்வரிசையில் உட்கார்ந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் கையைத் தூக்கினார். அதற்கு முன் ஒருநாளும் அவர் கையைத் தூக்கிவிட்டுப் பேசியவர் இல்லை.

ஆனால் குளத்தை விடவில்லை. கோடையில் தண்ணீர் வற்றியபோது புல்கெண்டை முழுவதையும் பிடித்து எடுத்தோம். அடுத்த ஆவணியில் இன்னொரு தடவை நடலாம் என்று அவர் தனலட்சுமி அம்மாவின் வீட்டுக்கு நான்கு தடவை நடந்தார். குளம் முழுக்க வேண்டாம், மேற்கு மூலை மட்டும் கொடுங்கள், வலை கட்டிக்கொள்கிறோம் என்றார். அடுத்த குத்தகைக் கூட்டம் வரைக்கும்தான், அதற்குள் பலன் தெரியாவிட்டால் பிடுங்கிவிடுவோம் என்று அனுமதி கொடுத்தார்கள். அந்த மூலையை நாங்கள் இரண்டு பேரும்தான் நட்டோம். அதே ஐந்து செடிகள், அதே முடிச்சு. இந்த வருடம் மழைக்கு அல்லி இலைகள் விரிந்து, அடியில் ரிப்பன் அடர்ந்துவிட்டது. நீர்க்காகம் அந்தப் பக்கம் வந்து ஏமாந்து போவதை நானே பார்த்தேன்.

அவர் எதிர்பார்த்தது விராலை. யாரும் விடாமல் தானாக வந்து, செடிக்குள் இடம் பார்த்து முட்டையிடும் மீன். குஞ்சுகள் சிவப்பாக ஒரே கொத்தாக மேலே மிதக்கும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். "விரால் குஞ்சு வெச்சா குளம் நம்மள நம்பிடுச்சுன்னு அர்த்தம்," என்பார்.

அவர் இறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். நான் அலுவலகத்தில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிநேரம் கழித்துத்தான் கேட்டேன். மூச்சு வாங்கப் பேசுகிறார். "நித்யா, வந்துடுச்சு. செவப்பா, ஒரு கை அகலம். கீழ ரெண்டும் நிக்குது. சத்தம் போடாம வா. நீ போட மாட்ட, எனக்குத் தெரியும். சீக்கிரம் வா." நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். திங்கட்கிழமை வருகிறேன் என்று எழுதலாம் என்று நினைத்து, போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தேன். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு குளத்துக்குப் போனேன். வலைக்கு உள்ளே, இரண்டு அல்லி இலைகளுக்கு நடுவில், ஒரு கைக்குட்டை அகலத்துக்குத் தண்ணீர் சிவந்திருந்தது. கிட்டே போனதும் அப்படியே அமிழ்ந்தது. சற்று நேரத்தில் திரும்ப மேலே வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல வேண்டியவரை அப்போதுதான் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தோம்.

குத்தகைக் கூட்டம் அடுத்த மாதம். மேற்கு மூலை வலையை எடுத்துவிட்டுச் செடியைப் பிடுங்கிவிடலாம் என்று பேச்சு இருக்கிறது. தனலட்சுமி அம்மாவிடம் போய்க் கேட்டேன். "எஸ்தரே இல்லாதப்போ அந்த மூலைக்கு யாரும்மா பொறுப்பு? அது பாவம், ஆசையில பண்ணுச்சு. ஆனா ஒரு தடவ ஏமாந்தது போதும்னு எல்லாரும் சொல்றாங்க. தப்புப் பண்ணவங்க நட்டத எதை நம்பி விடுறது?" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை, அவருக்குத் தெரிந்த வரையில். அன்றும் அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. இந்த மலரில் இடம் இருக்குமா என்று ஸ்டீபன் அண்ணனிடம் கேட்டது அதற்கு மறுநாள். எழுதியதை முதலில் அவரிடம்தான் படித்துக் காட்டினேன். பிறகு, "எங்கிட்டகூடச் சொல்லலயேம்மா அவ," என்றார். அச்சுக்குக் கொடு என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது கொஞ்சம்தான். பதினைந்து நொடிக் குரல் ஒன்று. அவர் போன பிறகு அதை ஒருமுறைகூட முழுவதுமாகக் கேட்க முடியவில்லை. ‘நீ போட மாட்ட, எனக்குத் தெரியும்’ என்ற இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறேன். எந்தக் குளத்தைப் பார்த்தாலும் இங்கே அக்காவுக்கு எதுவரை வரும் என்று அளக்கும் ஒரு பழக்கம். அப்புறம், என் வேலை. அவர் காப்பாற்றிக் கொடுத்த வேலை. அதில் இப்போதும் இருக்கிறேன். இதைப் படித்த பிறகு அமைப்பு என்ன முடிவெடுத்தாலும் அது சரியாகத்தான் இருக்கும்.

குழுவில் இருக்கும் உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் காரணத்தையும் உடனே சொல்ல வேண்டியிருக்கும் என்று கடைசிவரை தள்ளிக்கொண்டு வந்தேன். அடுத்த மாதக் கூட்டத்தில் செடியைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்னால், தீர்மானப் புத்தகத்தில் அந்தத் தை மாதப் பக்கத்தைத் திறந்து, எஸ்தர் என்ற பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் நித்யா என்று எழுதுங்கள். கீழே கையெழுத்துப் போட நான் வருகிறேன். அன்று எழுந்து நின்று சொல்லவும் முயல்வேன். குரல் வராவிட்டால், தயவுசெய்து காத்திருங்கள்.